உணவுத் தொழில் நுட்பக் கல்வியும் களத்து மேடும்

(உணவு விஞ்ஞான மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்து கொண்ட கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

உணவுத் தொழில் நுட்பம் பயிலும் மாணவன் விடுமுறைக்கு ஊர் திரும்பினால், உறவினர்கள் அவனிடம் முதலில் கேட்பது, "சமையல் படிக்கவா நான்கு ஆண்டு?" என்பதுதான். மாணவியாயின் அக்கேள்வியின் தொனி இன்னும் சற்றுக் கூர்மையாக இருக்கும். ஊறுகாய் போடவும், வடகம் காயவைக்கவும், அப்பளம் இடவும் பாட்டிக்குத் தெரியாத எதனைப் பல்கலைக் கழகம் கற்பித்துவிடப் போகிறது என்பது அதன் உட்பொருள். அறியாமை என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் இக்கேள்விக்கு நேர்மையான விடை கூறப்பட வேண்டும். பாட்டிக்குத் தெரிந்தது எந்த இடத்தில் முடிகிறது என்பதை அறிந்து கொள்வதில்தான் இப்படிப்பே தொடங்குகிறது.

1974-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் ஆகிய மாவட்டங்களில், பழங்குடி மக்கள் வாழும் கிராமங்களில் நோய் ஒன்று பரவியது. மஞ்சள் காமாலை கண்டு, வயிற்றில் நீர் கோத்து வீங்கி மக்கள் மாண்டனர். 397 பேர் நோயுற்றனர். அவர்களுள் 106 பேர் இறந்தனர். தொற்று நோய் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அக்கிராமங்களின் நாய்களுக்கும் அதே அறிகுறிகள் கண்டன. மனிதருக்கும் நாய்க்கும் பொதுவாக இருந்தது உணவு, அவ்வுணவு மக்காச்சோளம். பருவம் தவறிப் பெய்த மழையில் நனைந்த சோளம் சரிவரக் காயாமலே சேமித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சணம் வளர்ந்து, அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சைச் சுரந்திருந்தது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பாதிக்கப்பட்ட சோள மாதிரிகளைச் சோதித்தபோது, கிலோவுக்கு 6.25 முதல் 15.6 மில்லிகிராம் வரை அந்நஞ்சு இருந்தது தெரிய வந்தது. தானியங்களுக்கு நம் நாட்டில் பின்னர் விதிக்கப்பட்ட உச்சவரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அதனோடு ஒப்பிட்டால் அம்மக்கள் உண்டது 400 மடங்கு முதல் 1,000 மடங்கு வரை மிகையான நஞ்சு. மாவாக்கி ரொட்டி சுட்டாலும், கூழாகக் காய்ச்சினாலும் அந்நஞ்சு அழிவதில்லை.

சோளத்தைக் காயவைத்துச் சேமிக்க வேண்டும் என்பது அக்கிராமத்துப் பெண்களுக்குத் தெரியாததன்று. தலைமுறை தலைமுறையாக அவர்கள் செய்து வந்ததே அது. வெயில் உள்ள ஆண்டில் மரபறிவு போதுமானதாக இருக்கிறது. வெயில் பொய்க்கும் ஆண்டில்தான் அது கைவிடுகிறது. அவ்வாண்டில் தேவைப்படுவது ஓர் எண்: மக்காச்சோளத்தில் ஈரம் 12 அல்லது 13 சதவீதத்திற்குள் இருந்தால் சேமிக்கலாம், அதற்கு மேற்பட்டால் பூஞ்சணத்திற்கு வழி திறந்துவிடும். இந்த எண்ணை அளந்து அறியும் கருவியும், வெயிலின்றி அந்த அளவிற்குக் காயவைக்கும் வழியும், இவ்விரண்டையும் எடுத்துச் செல்லும் ஆளும் அன்று அங்கே இருக்கவில்லை.

உணவு விஞ்ஞானம் என்பதைச் சுருங்கச் சொன்னால் இத்தகைய சில எண்களின் தொகுதி எனலாம். ஈரம், வெப்பம், புளிப்பு ஆகிய மூன்றுமே அவற்றுள் தலையாயவை. மாம்பழக் கூழை டப்பாவில் அடைப்பவருக்குக் கொதிநீரின் வெப்பமே போதுமானதாயிருக்க, பச்சைப் பட்டாணியையோ காளானையோ அடைப்பவர் அழுத்தக் கொப்பரையில் 121 டிகிரி வரை சூடேற்ற வேண்டியிருப்பது ஏன் என்று மாணவர் கேட்க வேண்டும். மாம்பழம் புளிப்புடையது; பட்டாணி அவ்வாறன்று. புளிப்பைக் குறிக்கும் பி.எச். அளவு 4.6-க்கு மேற்பட்டு, காற்றும் புகாத நிலை இருக்குமானால், கொதிநீரையும் தாங்கி நிற்கும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் விதைகள் முளைத்துக் கொடிய நஞ்சை உண்டாக்கும். டப்பா பார்வைக்கு ஒன்றுதான். செய்முறையும் ஏறத்தாழ ஒன்றுதான். 4.6 என்னும் எண்ணின் இருபுறமும் இரு வேறு உலகங்கள். மாவடு உப்பிலும் புளிப்பிலும் கெடாதிருப்பதைப் பாட்டி அறிவாள். அதே நம்பிக்கையோடு காளானைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கும் மகளிர் குழுவிற்கு அந்த அறிவு துணை நில்லாது.

பிரெஞ்சு நாட்டின் நிக்கோலா அப்பேர் புட்டியில் அடைத்த உணவைக் கொதிநீரில் சூடேற்றிக் காக்கும் முறையை 1810-இல் வெளியிட்டு 12,000 பிராங்க் பரிசு பெற்றார். அது ஏன் கெடவில்லை என்பது அவருக்குத் தெரியாது. லூயி பாஸ்டர் அதனை விளக்குவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது. கைத்திறன் முன்னே செல்ல, விஞ்ஞானம் பின்னே வந்து காரணம் காட்டுவது இத்துறையில் புதிதன்று. ஆகவே கைத்திறனை இகழ்ந்து பேசும் பட்டதாரி தன் துறையின் வரலாற்றையே அறியாதவர் ஆவார்.

மைசூரில் தொடங்கிய வழி

நம் நாட்டில் இக்கல்விக்கு வித்திட்ட இடங்கள் பல. பம்பாய்ப் பல்கலைக் கழகத்தின் இரசாயனத் தொழில் நுட்பத் துறை, கான்பூர், கல்கத்தாவின் ஜாதவ்பூர், மகாராஷ்டிர வேளாண் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பர்பணி என்று அப்பட்டியல் நீளும். ஆயினும் ஆராய்ச்சியையும் கல்வியையும் ஒரே வளாகத்தில் இணைத்ததில் மைசூருக்குத் தனியிடம் உண்டு. மைசூர் அரச குடும்பத்து இளவரசி ஒருவருக்காகக் கட்டப்பட்ட செலுவாம்பா மாளிகையில் 1950-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய உணவுத் தொழில் நுட்ப ஆராய்ச்சி நிலையம் திறந்து வைக்கப்பெற்றது. டாக்டர் வி. சுப்பிரமணியன் அதன் முதல் இயக்குநர். 1964-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையுடன் அங்குப் பன்னாட்டு உணவுத் தொழில் நுட்பப் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் மாணவர்கள் வந்து பயின்றனர். மைசூர்ப் பல்கலைக் கழகத்துடன் இணைந்த முதுநிலைப் பட்டப் படிப்பு வேரூன்றியது.

அங்குப் பயின்றோர் எத்தகைய சூழலில் பயின்றனர் என்பதைக் காட்ட ஒரு சான்று போதும். எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு செய்ய இயலாது என்பதே அந்நாளில் மேல்நாட்டு நிபுணர்களிடையே நிலவிய கருத்து. அவர்கள் நாட்டில் எருமைப் பால் இல்லை. ஆகவே அவர்களுக்கு அது ஒரு பிரச்சினையும் இல்லை. பசும்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 4 சதவீதம். எருமைப் பாலில் 7 சதவீதம். அன்றியும் குழந்தையின் இரைப்பையில் எருமைப் பால் இறுகிய கட்டியாகத் திரியும். கொழுப்பின் அளவைக் குறைத்து, அக்கட்டியின் இறுக்கத்தைத் தளர்த்தும் முறையை மைசூர் விஞ்ஞானிகள் வகுத்தனர். குஜராத்தின் ஆனந்தில், கெய்ரா மாவட்டக் கூட்டுறவுச் சங்கம் அம்முறையைக் கொண்டு 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாணிப அளவில் உற்பத்தியைத் தொடங்கியது. அன்று வரை இறக்குமதியை நம்பியிருந்த ஒரு பொருள் நாட்டு எருமையிடமிருந்தே கிடைத்தது. இதில் பொருளாதாரம் ஒன்றும் அடங்கியுள்ளது: எருமைப் பாலுக்கு மற்றொரு சந்தை திறந்ததனால், மாட்டுக் கொட்டகையில் நின்ற குடியானவப் பெண்ணின் பாலுக்கு ஆதரவு கூடியது.

மற்றொரு சான்று நெல். நெல்லைப் புழுக்குவது பழம்பெரும் வழக்கம். சிமெண்டுத் தொட்டியில் குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, ஆவியில் அவித்து, களத்தில் உலர்த்துவர். இரண்டாம் நாளே தொட்டி நீர் புளித்து நாற்றமெடுக்கும். அந்நாற்றம் அரிசியிலும் சோற்றிலும் தங்கும். நாற்றத்தைப் புழுங்கல் அரிசியின் இயல்பு என்றே மக்கள் ஏற்றுக் கொண்டிருந்தனர். மைசூர் நிலையம் வகுத்த முறையில் நீரை ஏறத்தாழ 70 டிகிரி வெப்பத்தில் வைத்தால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் நெல் ஊறிவிடும். நுண்ணுயிர் பெருக நேரமில்லை, நாற்றமும் இல்லை. அவ்வாறு அவித்த நெல் அரைவையில் உடைவது குறைந்து முழு அரிசி மிகுதியாகக் கிடைக்கிறது. தவிட்டின் கதை இன்னும் சுவையானது. பச்சரிசித் தவிட்டில் கொழுப்பைச் சிதைக்கும் நொதி ஒன்று உயிருடன் இருப்பதால், அரைத்த சில நாட்களுக்குள்ளேயே எண்ணெய் காறிப் போகும். ஆவியில் அவிந்த நெல்லின் தவிட்டில் அந்நொதி செயலிழந்திருக்கும், எண்ணெயும் அதிகம். மாட்டுத் தீவனமாக மட்டும் போன தவிடு சமையல் எண்ணெய்க்கு மூலப் பொருளாயிற்று. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதையே கொதிகலனில் எரித்துக் கொள்ளலாம்.

மைசூர்ப் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பின், டாக்டர் சுப்பிரமணியன் தமிழ்நாட்டின் திருவாரூருக்குச் சென்று நெல் பதனீட்டு ஆராய்ச்சியில் ஈடுபட்டார். பெரியதொரு தேசிய நிலையத்தை நிறுவியவர், 1967-இல் நவீன அரிசி ஆலை ஒன்றின் சிறிய தரக் கட்டுப்பாட்டுக் கூடமாகத் தொடங்கிய இடத்திற்குச் சென்றதற்குக் காரணம் எளியது. காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை அறுவடை மழையோடு வந்து சேர்கிறது. நனைந்த நெல் குவியலிலேயே முளைத்துவிடும். பிரச்சினை இருந்த இடத்திற்கு அறிஞர் சென்றார். அக்கூடமே நெல் பதனீட்டு ஆராய்ச்சி மையமாகி, தஞ்சாவூருக்கு இடம் பெயர்ந்து, பெயர்கள் சில மாறி வளர்ந்தது. ஹரியானாவின் குண்ட்லியில் 2012 முதல் பட்டப் படிப்புகளை நடத்தி வந்த தேசிய நிறுவனத்தையும் தஞ்சாவூர் நிறுவனத்தையும் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களாக 2021-ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்தது. 1988-இல் உணவு பதனீட்டிற்கெனத் தனி அமைச்சகம் ஏற்பட்டதற்குப் பின் நிகழ்ந்த வளர்ச்சியில் இது ஒரு கட்டம்.

பாடமும் கணக்கும்

பள்ளி இறுதியில் பௌதிகம், இரசாயனம், கணிதம் பயின்ற மாணவர் நான்காண்டுப் பட்டப் படிப்பில் சேர்கிறார். உணவு இரசாயனம், நுண்ணுயிரியல், வெப்பப் பரிமாற்றம், உலர்த்துதல், குளிரூட்டல், பொதி கட்டும் முறைகள், உணவுச் சட்டம் ஆகியன பாடங்கள். பல்கலைக் கழக வளாகத்தில் முன்னோடி ஆலை ஒன்று இருக்கும். அதில் துருப்பிடிக்காத எஃகுக் கலன்களும், தெளித்து உலர்த்தும் எந்திரமும் பளபளவென்று நிற்கும். பல இடங்களில் அவற்றை மாணவர் தொடும் நாட்களைவிடப் பார்வையாளர் வலம் வரும் நாட்களே அதிகம். வாங்குவதற்குப் பணம் ஒதுக்கும் திட்டம், அதனை ஓட்டுவதற்கு வேண்டிய மூலப் பொருளுக்கும் டீசலுக்கும் ஒதுக்குவதில்லை. பாலின்றிப் பால் ஆலையையும் தக்காளியின்றித் தக்காளி ஆலையையும் கற்பிப்பது கரும்பலகையில் நீச்சல் கற்பிப்பதற்கு ஒப்பாகும். நிதி ஒதுக்கீட்டுக் கோப்பினைக் கையாளும் அலுவலர்கள் இதனைக் கருத்திற் கொள்ளலாம்.

பாடத்திட்டத்தில் பெரிதும் மெலிந்து காணப்படுவது கணக்கு. கணிதம் அன்று, வரவு செலவுக் கணக்கு. எடுத்துக்காட்டாகத் தக்காளியைக் கொள்வோம். தக்காளி விலை வீழ்ந்து, பறிக்கும் கூலிக்கும் கட்டாமல் விவசாயி சாலையோரம் கொட்டும் காட்சி ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு மாநிலத்தில் காணக் கிடைக்கிறது. உடனே, "தக்காளிக் கூழ் ஆலை ஒன்று வைத்தால் தீர்ந்தது" என்று கூறுவோர் உண்டு. 28 சதவீதத் திடப் பொருள் கொண்ட கூழ் ஒரு கிலோ செய்ய வேண்டுமானால், 4 சதவீதத் திடப் பொருள் உள்ள தக்காளியில் 7 கிலோ தேவை; 5 சதவீதம் உள்ளதாயின் 5.6 கிலோ போதும். கிலோ 10 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், முன்னதற்கு மூலப் பொருட் செலவு மட்டும் 70 ரூபாய், பின்னதற்கு 56 ரூபாய். ஒரே ஒரு சதவீத வேறுபாடு ஒரு கிலோ கூழில் 14 ரூபாயாக எழுகிறது. அன்றியும் முன்னதில் 6 கிலோ நீரையும் பின்னதில் 4.6 கிலோ நீரையும் ஆவியாக்க வேண்டும். எரிபொருள் செலவும் அதே விகிதத்தில் ஏறும். சந்தைக்கென விளையும் நீர்த்த நாட்டுத் தக்காளியைக் கூழாக்கினால் ஏன் ஆலை நட்டமடைகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. கூழுக்கு ஏற்ற இரகத்தைப் பயிரிடச் செய்து, விலையை முன்கூட்டியே பேசிய பிறகே ஆலைக்கு அடிக்கல் நாட்ட வேண்டும். பல இடங்களில் அடிக்கல்தான் முதலில் வந்தது.

பருவத்தின் கணக்கும் உண்டு. ஆந்திரத்தின் சித்தூரிலும் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரியிலும் மாங்கூழ் ஆலைகள் மிகுந்துள்ளன. பெங்களூரா என்றும் தோத்தாபுரி என்றும் வழங்கும் இரகம் அங்கு மூலப் பொருள். ஆண்டில் இரண்டு மூன்று மாதங்களே மாங்காய் வரும். கொதிகலனுக்கான கடனுக்கோ பன்னிரண்டு மாதமும் வட்டி உண்டு. எஞ்சிய மாதங்களில் கொய்யாவோ தக்காளியோ பப்பாளியோ கொண்டு ஆலையை ஓட்டும் வழியைக் கண்டுபிடிப்பது எந்திரவியலும் பொருளாதாரமும் ஒருங்கே அறிந்தவரால்தான் முடியும். அத்தகைய பட்டதாரி அரிதாகவே உருவாகிறார்.

இழப்பின் அளவும் இங்குக் குறிப்பிடத்தக்கது. லூதியானாவிலுள்ள மத்திய அறுவடைப் பின்சார் பொறியியல் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தானியங்களில் 4.65 முதல் 5.99 சதவீதமும், பருப்பு வகைகளில் 6.36 முதல் 8.41 சதவீதமும், பழங்களிலும் காய்கறிகளிலும் 4.58 முதல் 15.88 சதவீதமும் அறுவடையின்போதும் அதற்குப் பின்னரும் இழக்கப்படுகின்றன. மிகுதியாக இழக்கப்படுவது கொய்யா. ஆண்டிழப்பின் மொத்த மதிப்பு 2014-ஆம் ஆண்டு விலையில் 92,651 கோடி ரூபாய். மேடைகளில் கூறப்படும் 40 சதவீதம் என்ற எண்ணுக்கு இவ்வாய்வு இடந்தரவில்லை. மாணவர்கள் தம் கட்டுரைகளில் அதனை எழுதாதிருப்பது நலம். மிகைப்படுத்தாமலே இழப்பு பெரிது. தானியத்தில் சதவீதம் சிறிதாகத் தோன்றினும், அளவில் அதுவே பெருந்தொகையாகும். அவ்விழப்பு நிகழும் இடங்களோ களமும், சிறு ஆலையும், மூட்டை அடுக்கிய திறந்த வெளியுமே.

பட்டதாரி செல்லும் இடம்

பட்டம் பெற்றவர்கள் எங்கே செல்கின்றனர்? பெரும்பாலோர் பெரிய பிஸ்கட் ஆலைகள், பால் நிறுவனங்கள், பானக் கம்பெனிகள் ஆகியவற்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகளை நாடுகின்றனர். அதில் தவறில்லை; குடும்பக் கடன் தீர வேண்டும், ஊதியம் முறையாக வர வேண்டும். ஆனால் நாட்டின் உணவில் பெரும் பங்கு அங்கே பதனாகவில்லை. பதிவு பெறாத குறு உணவுத் தொழிலகங்கள் ஏறத்தாழ 25 லட்சம் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. அவற்றுள் 66 சதவீதம் கிராமப் புறங்களில் உள்ளவை. ஏறத்தாழ 80 சதவீதம் குடும்பத்தினரே நடத்துபவை. உணவு பதனீட்டுத் துறையின் வேலை வாய்ப்பில் 74 சதவீதம் இக்குறு அலகுகளில்தான். மாவு மில், எண்ணெய்ச் செக்கு, அப்பளக் குடிசை, வறுகடலைக் கொட்டகை, வெல்லக் காய்ச்சும் ஆலை ஆகிய இவற்றில் ஒன்றிலேனும் ஒரு பட்டதாரியின் காலடி படுவது அருமை. நிலக்கடலையில் பூஞ்சணம் படர்ந்திருந்தால் செக்காட்டுபவருக்குச் சொல்வதற்கு அங்கு யாருமில்லை.

2020-இல் தொடங்கிய பிரதமரின் குறு உணவு பதனீட்டுத் தொழிலகங்களை முறைப்படுத்தும் திட்டம் இவ்விடைவெளியைக் கருதியே வகுக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்கு 10,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. 2 லட்சம் அலகுகளுக்குத் திட்டச் செலவில் 35 சதவீத மானியம், உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். மாவட்டந்தோறும் ஒரு விளைபொருளை முதன்மையாகக் கொள்வதும் அதன் அம்சம். விண்ணப்பதாரருக்கு வழிகாட்ட மாவட்ட ஆதார அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். இளம் பட்டதாரிகளுக்கு இது நல்ல வாயில். ஆயினும் வங்கிக் கடன் அனுமதியாகும் விண்ணப்பங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே அவர்களுக்கு ஊதியம் அமைந்தது. எதற்கு ஊதியம் கிடைக்கிறதோ அதில்தான் மனிதர் கருத்து செல்லும். இது பொருளாதாரத்தின் முதற்பாடம். கடன் வாங்கிய மாவு மில்லில் ஓராண்டு கழித்து மாவு கெடாதிருக்கிறதா என்று பார்ப்பவருக்கும் ஊதியத்தில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தால், அப்பணியின் தன்மையே வேறாக இருந்திருக்கும்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவி இன்னொரு வாயில். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2011-இல் நடைமுறைக்கு வந்த விதிகள், அப்பதவிக்குரிய தகுதிகளுள் உணவுத் தொழில் நுட்பப் பட்டத்தை முதலில் குறிப்பிடுகின்றன. இது வரவேற்கத்தக்கது. 1954-ஆம் ஆண்டுக் கலப்படத் தடைச் சட்டத்தின் காலத்தில் ஆய்வாளர் என்றாலே மாதிரி எடுப்பவர், வழக்குத் தொடுப்பவர் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. கலப்படத்திற்கு அக்கடுமை வேண்டியதே. 1998-இல் டில்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்ததனால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை மறத்தற்கில்லை. ஆனால் பான்ஸ்வாடாவில் கலப்படம் செய்தவர் எவருமில்லை. வழக்குத் தொடுப்பதற்கு அங்கு ஒரு குற்றவாளியும் இல்லை. நனைந்த சோளம் மட்டுமே இருந்தது. பட்டதாரி அலுவலர் ஒருவர் சிறு ஆலைக்குள் நுழையும்போது மாதிரிப் புட்டியுடன் ஈரப்பதமானியையும் எடுத்துச் சென்று, அளந்து காட்டி, எப்படிக் குறைப்பது என்று கூறிவிட்டு வருவாரானால், அடுத்த முறை அவரைக் கண்டு எவரும் கடையை அடைக்க மாட்டார்கள். மாதாந்திர அறிக்கையில், எடுத்த மாதிரிகளுக்கும் தொடுத்த வழக்குகளுக்கும் உள்ளது போல, இவ்வறிவுரைக்கும் ஒரு பத்தி வேண்டும். பத்தி இல்லாத பணி எந்த அலுவலகத்திலும் நெடுநாள் நடப்பதில்லை.

மொழியும் ஒரு தடை. நீர்ச் சமநிலை வளைகோட்டை ஆங்கிலத்தில் வரையக் கற்ற மாணவர், களத்தில் நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு காய்ச்சல் வேண்டும்" என்று கூறும் பெண்ணிடம் என்ன பேசுவதென்று அறியாமல் நிற்கிறார். இருவரும் பேசுவது ஒரே பொருளைப் பற்றித்தான். கடித்தால் நறுக்கென்று உடையும் நெல் எத்தனை சதவீத ஈரத்தில் உள்ளது என்று கருவியில் அளந்து, பல்லின் தீர்ப்பையும் கருவியின் தீர்ப்பையும் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லதோர் ஆய்வுப் பயிற்சியாகும். அப்பெண் எத்தனை முறை சரியாகச் சொன்னாள் என்பதைக் கண்டு மாணவர் வியக்கவும் கூடும். மழை நாளில் எங்கே தவறினாள் என்பதையும் கற்பார். மாணவர்கள் கிராமங்களுக்குச் சென்று சில நாட்கள் தங்கும் திட்டத்தைக் குண்ட்லி நிறுவனம் நடத்தி வந்துள்ளது. பிற பல்கலைக் கழகங்களும் மேற்கொள்ளத் தக்கது அது.

இதில் நாட்காட்டி சார்ந்த சிக்கல் ஒன்று உண்டு. கல்வியாண்டு சூலை, ஆகஸ்டில் தொடங்குகிறது. தொழிற்சாலைப் பயிற்சிக்குரிய விடுமுறை மே, சூன் மாதங்களில் வருகிறது. ஆகவே மாங்கூழ் ஆலை ஓடுவதை மாணவர் காண்கிறார். பால் குளிரூட்டு நிலையத்தைக் காண்கிறார். மக்காச்சோளம் அறுவடையாகும் செப்டம்பர், அக்டோபரில் அவர் வகுப்பறையில் இருக்கிறார். பருவ மழையில் நனைந்த நெல்லை விவசாயி கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டு வந்து, 17 சதவீத ஈர வரம்பிற்கு மேற்பட்டதென்று திருப்பப்பட்டு, வரம்பைத் தளர்த்தக் கோரி மாநிலங்கள் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதும் நாட்களில், அவர் பருவத் தேர்வுக்கு ஈரப்பதம் பற்றிய பாடத்தை மனனம் செய்து கொண்டிருக்கிறார். தளர்வு கோரும் கடிதம் வந்ததும், மாதிரி எடுத்துச் சோதிக்க மத்தியக் குழு கொள்முதல் நிலையங்களுக்குச் செல்கிறது. அக்குழுவினருடன் இரண்டு மாணவர்களைக் கருவியோடு அனுப்புவதற்குப் பல்கலைக் கழகப் பாடக் குழு தேர்வு அட்டவணையைப் பதினைந்து நாள் தள்ளி வைத்தால் போதும். அதற்கு நிதித் துறையின் ஒப்புதல் தேவைப்படாது.